எங்கள் தெருவில் எல்லோரும் படித்த கட்டுரை

மர ஸ்கேலால் எவர்சில்வர் தட்டின் விளிம்பில் மூன்று தட்டு. காலை ஆறு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால், எதிர்வீட்டு டிராயிங் டீச்சர் நாய்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று அர்த்தம். புதுக்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். தெருவில் திரிந்த மூன்று நாய்களுக்கும் பழைய ஸ்டாஃப் ரூமிலிருந்தே பெயர் வைத்திருந்தார். நொண்டி நடக்கும் கிழட்டுப் பெட்டை ஹெச்.எம். ஒரு நிமிடம் நிற்காமல் ஓடும் செவலை பி.டி. எங்கே நிழல் கண்டாலும் படுத்துவிடும் கறுப்பு நாய் கிளார்க்.

அப்போது என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வார இதழ் ஒன்றில் நான் எழுதிவந்த பத்தியைப் பழைய குறிப்புகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன். ஒரு திங்கட்கிழமை டீச்சர் வந்து கேட்டைத் தட்டினார். "சார், உள்ளயே அடைஞ்சு கெடக்காதீங்க. எங்களோட நடக்க வாங்க." எங்களோட என்பதில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவரும் மூன்று நாய்களும் அடக்கம். கண்மாய்க் கரைவரை போய்விட்டு, திரும்பும்போது டீ. நாய்களுக்கு ஆளுக்கொரு பொறை ரொட்டி. புதன்கிழமை, டீக்கடைக் காகிதத்தில் ஹெச்.எம்.மின் மூக்கை டீச்சர் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து தந்தார். வெள்ளிக்கிழமை, கீரமங்கலத்தில் இருக்கும் தன் மகள் கொடுத்தனுப்பிய பலாப்பழத்தைத் தபால்காரர் அறுக்க, மூன்று பேரும் எண்ணெய் தடவிய கையோடு உட்கார்ந்து தின்றோம். ஏதோ ஒன்றுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த கிளார்க்கின் வாலைத் தபால்காரர் தெரியாமல் மிதித்துவிட்டார். அது திரும்பி அவர் கெண்டைக்காலைக் கவ்வியது. இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்தது. அன்றே போய் ஊசி போட்டுக்கொண்டார். வீட்டில் கம்பி கீறிவிட்டது என்று சொல்லிவிட்டார். டீச்சர் எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்: "வெளிய தெரிஞ்சா இதுகள இருக்க விடமாட்டாங்க. நமக்குள்ள இருக்கட்டும் சார்." நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வாரத்தை ஒரே மூச்சில் எழுதினேன். எட்டு மாதத்தில் எனக்கு வந்த முதல் நல்ல எழுத்து. முதலில் நாய் கடித்ததைச் சேர்க்கவில்லை. படித்துப் பார்த்தால் கட்டுரை வெறும் இனிப்பாக இருந்தது. கடியைச் சேர்த்தேன், உயிர் வந்துவிட்டது. எனக்கு அப்போது தோன்றியது அவ்வளவுதான். டீச்சரின் முகம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் தெருவில் யாரும் படிப்பதில்லை என்று இருபது வருடமாகக் குறைப்பட்டுக்கொண்டிருந்தவன் நான். அந்த வாரம் எல்லோரும் படித்தார்கள். யாரோ பக்கத்தைப் படம் பிடித்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். நான் சிரித்த இடத்தையோ பலாப்பழத்தையோ ஒருவரும் பேசவில்லை. நான்காம் நாள், டீச்சர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில், தெருக்காரர்களே ஏற்பாடு செய்த வண்டி ஒன்று வந்து மூன்றையும் அள்ளிப்போனது. நான் மாடியில் அடுத்த வாரப் பத்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன். குரைப்புக் கேட்டது. இறங்கிப் போகவில்லை.

எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. டீச்சரும் தபால்காரரும் ஆட்டோ பிடித்து ஒன்பது நாள் ஊருக்கு வெளியே தேடினார்கள். பொட்டலிலும் கருவேலங்காட்டு ஓரத்திலும் இறங்கி டீச்சர் அதே தட்டைத் தட்டிப் பார்த்தாராம். பி.டி. மட்டும் பைபாஸில் கிடைத்தது, அடிபட்டு, விறைத்துப்போய். இதைச் சொல்ல வந்த தபால்காரர் வாசற்படி ஏறவில்லை. "கடி வாங்குன நானே வாயத் தொறக்கல சார்" என்றார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசியதில்லை.

டீச்சர் வீட்டைக் காலி செய்துகொண்டு தங்கையிடம் போய்விட்டார். கட்டுரைக்கு வந்ததுபோல் வேறெதற்கும் எனக்குக் கடிதங்கள் வந்ததில்லை. ஒரு கூட்டத்தில் அதை வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். கடிக்கும் இடத்தில் கை தட்டினார்கள்.

சென்ற மாதம்தான் டீச்சரைப் பார்க்கப் போனேன். கடற்கரைப் பக்கத்து ஊர். பெயரை இம்முறை எழுதவில்லை. "வாங்க சார், நல்லா இருக்கீங்களா" என்று நாற்காலி போட்டார். டீ கொடுத்தார். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி அரிப்பதைப் பற்றிப் பேசினார். "தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்" என்றேன்.

"நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. ஹெச்.எம். நொண்டுறத அப்படியே எழுதியிருந்தீங்க. ரெண்டு தடவை படிச்சேன்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பஸ் ஏற்றிவிட அவரும் நிறுத்தம்வரை வந்தார். நான் படியில் கால் வைத்தபோது, "இன்னைக்கு வந்தத எழுதிறாதீங்க சார்" என்றார். எழுதமாட்டேன் என்றேன். அறந்தாங்கி வருவதற்குள் எனக்கு முதல் வரி கிடைத்துவிட்டது.