ராசாங்கம் குளித்த வீடுகள்

"குளிச்சிட்டுப் போலாமுன்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே சிநேகிதர் சாமிதுரை வீட்டுக் கேட்டைத் திறந்தார் ராசாங்கம். தோளில் துண்டு, கையில் சோப்பு டப்பா. பெரம்பலூரில் விடிந்தும் விடியாத மார்கழிக் காலை. தெருவிளக்குகூட இன்னும் அணையவில்லை. பூலாம்பாடியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அவர் வீட்டில் தண்ணீர் இல்லையா என்றால், போர் இருக்கிறது, மேலே தொட்டி இருக்கிறது, டைல்ஸ் போட்ட பாத்ரூம்கூட இருக்கிறது. இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷர் பஸ் ஏறிப் போய் அடுத்தவர் வீட்டில் குளிப்பானேன்?

சாமிதுரையின் மனைவி முத்தாயிக்கும் அதுதான் புரியவில்லை. காலங்காத்தாலே ஒருவர் துண்டும் கையுமாக வந்து குளிக்க இடம் கேட்டால், அவர் எங்கோ சாவுக்குப் போய்த் திரும்புகிற ஆளாகத்தானே இருக்க வேண்டும்? பாவம், முகம் வெளுத்துப்போய், "யாருண்ணே தவறிட்டாங்க? பின்பக்கமா வாங்க, தண்ணி எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

"எழவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. உங்க வூட்டு சோலார்ல வெந்நி எப்புடி வருதுன்னு பாக்கணும். குளிச்சுப் பாக்காம எப்புடி வாங்குறது?"

ராசாங்கத்தைத் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சின்ன வெங்காயம் போடுகிற விவசாயி அவர். விதை வெங்காயம் வாங்கப் போனால் மேலாக இருப்பதைப் பார்த்து ஏமாறுகிற ஜாதி இல்லை. மூட்டையின் அடியில் கைவிட்டு எடுத்து, நசுக்கி, முகர்ந்து, கடைசியில் கடித்தும் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார். செருப்பு வாங்கினால் கடைக்காரர் போதும் போதும் என்கிறவரை உள்ளேயே நடப்பார். கட்டில் வாங்கப் போன இடத்தில் அதிலேயே படுத்துத் தூங்கிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. "தூங்கல. கண்ண மூடிப் பாத்தேன்" என்பது அவர் தரப்பு.

ஆனால் இந்தத் தடவை அவர் விளையாட்டாகத் திரியவில்லை. அவர் மனைவி அம்சவள்ளிக்கு இளைப்பு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கொல்லையில் விறகடுப்பு மூட்டி, பருத்திமாரையும் மக்காச்சோளக் கட்டையையும் திணித்து, ஊதி ஊதி வெந்நீர் வைத்துப் பழகிய நெஞ்சு அது. பச்சைத் தண்ணீரில் குளித்தால் இழுக்கும்; வெந்நீருக்காக அடுப்பைப் பற்ற வைத்தாலும் இழுக்கும். கேஸ் அடுப்பில் தானே வைத்துத் தருகிறேன் என்று ராசாங்கம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "சிலிண்டர வெந்நிக்கே எரிச்சுட்டா சோறு எதுல ஆக்குறது?" என்று அவள் அடக்கிவிடுவாள். அவர் தலை காட்டுப் பக்கம் மறைந்ததும் கொல்லையில் புகை எழும்பும். சொன்னால் கேட்கிற பிறவியா அவள்!

கார்த்திகை மழையில் ஒரு நாள் வினை வந்து சேர்ந்தது. ஈர விறகோடு மல்லுக்கட்டிவிட்டு எழுந்தவளுக்கு நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற சத்தம். உதடு கறுத்துப்போனது. "தண்ணி" என்று சொல்ல வந்தவளால் பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை. கிடைத்த லோடு ஆட்டோவில் போட்டுக்கொண்டு பெரம்பலூருக்குப் பறந்தார்கள். பின்னால் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ராசாங்கம், போய்விடுவாளோ, போய்விடுவாளோ என்று வழி முழுக்க அவள் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்தார். டாக்டர் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுக் கண்டிப்பாகச் சொன்னார்: புகையும் ஆகாது, குளிர்ந்த தண்ணீரும் ஆகாது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே மகள் வெற்றிச்செல்வி அம்மாவை ஏலாக்குறிச்சியில் தான் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். "வெந்நிக்கு ஒரு வழி பண்ணிட்டுக் கூப்புடுங்கப்பா. அதுவரைக்கும் அம்மாவ அனுப்ப மாட்டேன்" என்றாள். ராசாங்கம் தலையை ஆட்டினார். பேருந்து கிளம்பியபோது அம்சவள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்து, ரசத்துக்குப் புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்று கத்திச் சொல்லிக்கொண்டே போனாள். மனுஷர் வெறும் வீட்டுக்குத் திரும்பினார். அன்றிலிருந்துதான் இந்தக் குளியல் யாத்திரை.

சாமிதுரை வீட்டுச் சோலார் பார்க்க அம்சமாக இருந்தது. ஆனால் தொடர்ந்து பனிமூட்டம். வெயிலே இல்லாதபோது அது மட்டும் என்ன செய்யும்? குழாயைத் திறந்தால் ஜில்லென்று வந்தது. வீணாக விட மனசில்லாமல் வாளி வாளியாகப் பிடித்துக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைக்கு ஊற்றினார். அப்புறமும் வெதுவெதுப்போடு சரி. பல் தந்தியடிக்க வெளியே வந்து, "எனக்குன்னா போதும் தம்பி. அவ இதுல குளிச்சான்னா அன்னிக்கே ஆஸ்பத்திரிதான்" என்றார். குளித்த மனுஷரை வெறும் வயிற்றோடு அனுப்ப முத்தாயிக்கு மனம் வரவில்லை; இட்லி வைத்தாள். ஆனால் அவள் காதில் விழுந்தது வேறு. சாப்பிட்டபடி அவர் சொன்ன கதையில் மனைவி வீட்டில் இல்லை என்பது மட்டும்தான் விழுந்தது.

அடுத்து அம்சவள்ளியின் அண்ணன் பஞ்சநாதன் வீடு, அதுவும் பெரம்பலூர்தான். அங்கே பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் ஹீட்டர் மாட்டியிருந்தார்கள். இங்கேதான் ராசாங்கத்தின் வினோதப் பழக்கம் வெளியே தெரிந்தது. குளித்து முடித்ததும் ஆள் வெளியே வருவதில்லை. கதவைத் தாழ்போட்டபடி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விடுவார். தண்ணீர்ச் சத்தம் நின்று வெகுநேரமாகியும் ஆளைக் காணோம் என்று பஞ்சநாதன் கதவைத் தட்டினார்.

"மாப்ள, உள்ள என்ன பண்றீங்க?"

"மூச்சு வுட்டுப் பாக்குறேன் மச்சான்."

பஞ்சநாதனுக்குச் சுருக்கென்றது. தலை கிறுகிறுக்க வெளியே வந்த மாப்பிள்ளை, "தண்ணி ஜோரா வருது. மூச்சுதான் முட்டுது. நீங்களும் இந்தக் கதவ இப்புடிப் பூட்டிக்கிட்டுக் குளிக்காதீங்க" என்று மச்சானுக்கே புத்தி சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளைக்கு வீட்டில் ஏதோ மனக்கஷ்டம் என்று பஞ்சநாதன் முடிவு கட்டிவிட்டார்.

அரியலூரில் பஞ்சநாதனின் மகள் லாவண்யா வீட்டில் கரண்ட்டில் ஓடுகிற கீசர். திறந்தால் பதமான சூட்டில் தண்ணீர். ஆனாலும் நம் ஆளுக்கு ஒரு குளியல் போதுமா? ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு தடவை குளித்தார். ஆவி அடைத்துக்கொண்டு இறுக்கமாக இருந்தது. திறந்து வைத்துக்கொண்டு ஒரு தடவை குளித்தார். ஆவி வெளியேறி மூச்சு லேசாக ஓடியது. குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்ததை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "சுண்ணாம்புக்கல் பூமி மாமா, தண்ணியும் அப்படித்தான வரும். அப்பப்ப ஆளக் கூப்புட்டு உள்ள கழுவிருவோம்" என்றாள் லாவண்யா. எதற்கும் சரிபார்த்துவிடலாம் என்று அவர் மறுபடி உள்ளே போனபோது, அவள் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, மாமா திரும்பவும் குளிக்கப் போயிருக்காரு. அத்தைக்கும் அவருக்கும் ஏதாச்சும் சண்டையா?"

போதாதா? முத்தாயி ஒரு பக்கம், லாவண்யா ஒரு பக்கம். அம்சவள்ளி கோபித்துக்கொண்டு போய்விட்டாள், ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கொடுக்க நாதியில்லாமல் ராசாங்கம் ஊர் ஊராகக் குளித்துக்கொண்டு திரிகிறார் என்று பேச்சு கிளம்பி, கைகால் முளைத்து, ஏலாக்குறிச்சி வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

மார்கழி முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராசாங்கம் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கையில் ஆப்பிளும் சாத்துக்குடியுமாகப் பஞ்சநாதன் இறங்கினார். சாமிதுரையும் முத்தாயியும் இறங்கினார்கள். வெற்றிச்செல்வி இறங்கினாள். கடைசியாக, மூக்கு நுனி சிவக்க அம்சவள்ளி இறங்கினாள். சமாதானம் பேச வந்த கூட்டம்!

வீட்டுக்குள்ளோ ஒரே தூசி. எலக்ட்ரீசியன் விக்கி பாத்ரூம் சுவரில் கீசரை மாட்டிவிட்டுச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். உச்சியில் ஒரு ஜன்னலும் கீழே ஒரு ஜன்னலும் புதிதாக உடைத்துத் திறக்கப்பட்டிருந்தன. "கீசர் மாட்டக் கூப்புட்டுட்டு வூட்டையே இடிக்கச் சொன்னாரு பெரியப்பா" என்று வந்தவர்களிடம் புகார் சொன்னான். "எர்த் சரியா இருக்கான்னு எத்தன தடவ காட்டச் சொன்னாருன்னு கேளுங்க."

பஞ்சநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "மாப்ள, என் தங்கச்சி மேல என்ன குத்தம்? எதா இருந்தாலும் மனசு வுட்டுச் சொல்லுங்க. பேசித் தீத்துக்கலாம்."

ராசாங்கம் விழித்தார். அம்சவள்ளி முந்திக்கொண்டாள். "என் மானத்த வாங்கணும்னே கெளம்புனீங்களா? வெந்நி வைக்க ஆளில்லன்னு எங்கண்ணன் வூட்டுலயே போயிச் சொல்லியிருக்கீங்க. நான் என்ன ஓடியா போயிட்டேன்?"

ராசாங்கம் எழுந்து போய்க் கீசர் சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு அணைகிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஷாக் அடித்துவிடக் கூடாதே என்று மெயினையும் அணைத்துவிட்டுத் திரும்பினார்.

"போயி குளிச்சிட்டு வா. வந்து திட்டு."

அவள் முனகிக்கொண்டே உள்ளே போனாள். ராசாங்கம் கதவோரத்திலேயே நின்றுவிட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"இருக்கியா?"

"இருக்கேன்."

"ஜன்னலத் தொறந்து வச்சிருக்கியா?"

"தொறந்துதான் இருக்கு. என்னைய குளிக்க வுடுங்க."

"மூச்சு?"

உள்ளே ஒரு நிமிஷம் தண்ணீர்ச் சத்தம் நின்றது. "வுடுறேன்" என்றாள். குரல் இறங்கியிருந்தது.

பஞ்சநாதன் ஆப்பிள் பையை மடியிலிருந்து மெல்லக் கீழே வைத்தார். "அட, அன்னிக்கு எங்க வூட்டுல இதுக்குத்தான் உக்காந்திருந்தீங்களா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். முத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வெற்றிச்செல்வி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் இவரை வெங்காய மூட்டையைத் தவிர வேறெதுவும் தெரியாத ஆள் என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, கன்னமெல்லாம் சிவந்து, ஆவி பறக்க அம்சவள்ளி வந்தாள். "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்க வாயைத் திறந்தாள்.

"ஒரு நிமிசம் பேசாம இரு" என்றார் ராசாங்கம். மெயினைத்தான் அணைத்தாகிவிட்டதே, ஃபேனும் நின்றுபோயிருந்தது. வெளியே வேன் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொல்லி விக்கிக்குக் கைகாட்டினார். ஏதோ சொல்ல வந்த பஞ்சநாதனையும் கையமர்த்தினார். வீடு கப்சிப்பென்று ஆனது. மனைவியின் பக்கத்தில் போய், சபை கூடியிருக்கிறதே என்ற கூச்சம் துளியும் இல்லாமல், அவள் நெஞ்சருகே காதைக் கொண்டுபோனார்.

"இழுத்து வுடு."

அம்சவள்ளி இழுத்து விட்டாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. வெறும் காற்று போய் வருகிற சத்தம்.

ராசாங்கம் காதை எடுக்கவில்லை. ஒரு விரலை உயர்த்தி, இன்னொரு தடவை என்று சைகை காட்டினார்.