மரக் கட்டடத்தில் ஒரு வாளித் தண்ணீர்

என் மேசைமேல் செங்கல் அளவில் ஒரு மரக்கட்டை இருக்கிறது, ஒரு பக்கம் கரிந்து. திருவேற்காட்டுப் பக்கம் எட்டு மாடி மரக் கட்டடத்தில் நான் வீடு வாங்கியபோது குடியிருப்போர் சங்கச் செயலாளர் கொடுத்தது. பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அழுத்திய அந்தக் கட்டை மாதிரிதான் எங்கள் சுவரும் தளமும். யாராவது ஒரு சூடம் ஏற்றினால் எட்டு மாடியும் தீப்பெட்டியாகப் பற்றிக்கொள்ளும் என்று முழுமனதாக நம்பினேன். பிறகு ஏன் வாங்கினாய் என்று கேட்காதீர்கள். சிமெண்டைக் குறைத்தால்தான் பூமி பிழைக்கும் என்று அலுவலகத்தில் நான்கு பேரிடம் பீற்றிக்கொண்டுவிட்டேன், பின்வாங்க வெட்கம்.

செயலாளர் வேலைக்காலம் முழுவதும் ஆவடியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தவர். சொந்தமென்று அவருக்கு வாய்த்த முதல் வீடு, எனக்கு நேர் கீழே. கூரைக்குப் பெயின்ட் அடிக்க விடவில்லை. மத்தியானம் பாயில் படுத்து மரத்தின் வரிகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். என் பயத்தைப் பார்த்துவிட்டு, என் அடுப்பிலேயே அந்தக் கட்டையை இடுக்கியால் பிடித்துக் காட்டினார். "பாத்துக்க அண்ணாத்தே, மேல கரி ஏறிச்சின்னா உள்ள நெருப்பு லேசுல போவாது. தண்ணிதான் எமன். வெள்ளிக்கெழமை வாளி வாளியா ஊத்தி ஊடு கழுவுற வேலையெல்லாம் இங்க வாணாம். துணியால தொடச்சிகினு போய்கினே இரு."

தலையாட்டினேன். தலைதான் ஆடியது. மறுநாளிலிருந்து அலுவலகம் கிளம்பும் முன் படுக்கையறை விளக்கு மாடத்தின் அடியிலும் அடுப்படியிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினேன், ஈரத்தில் நெருப்புப் பிடிக்காதல்லவா! பத்திரங்களும் ரேஷன் கார்டும் வைத்த பை எப்போதும் வாசற்படியருகே. "உங்க வயித்தெரிச்சலுக்கே இந்த பில்டிங் பத்திக்கும்" என்றாள் மனைவி. நான் வாளியை நிரப்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு ஞாயிறு செயலாளர் தோளில் துண்டோடு மேலே வந்தார். "பெட்ரூம் கூரைல ஒரு கறை கீது அண்ணாத்தே. தண்ணி கிண்ணி ஊத்துறியா?"

"சேச்சே! ஏசி தண்ணியா இருக்கும் சார்."

நம்பினார். சங்கக் கூட்டத்தில் ஒருவர் என்னைச் சந்தேகப்பட்டபோதும், "அவரு பயந்த மனுசன், அப்டிலாம் செய்ய மாட்டாரு" என்று எனக்காகப் பேசினார். பயந்த மனிதன் என்னவெல்லாம் செய்வான் என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரியவில்லை. நானும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

பிறகொரு நாள் நாற்காலியில் ஏறி அந்தக் கறையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்திருக்கிறார். விரல் உள்ளே போனது. பொறியாளர்கள் வந்து, ஏதோ குழாய்க் கசிவு என்று முடிவுகட்டி, இரண்டு வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். நான் கொரட்டூரில் மச்சினன் வீட்டில் ஒண்டிக்கொண்டேன். அவர் மண்ணூர்பேட்டையில் வாடகைக்குப் போனார். நிஜத்தைச் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை ஷேர் ஆட்டோ ஏறினேன். மூன்று முறையும் டீ குடித்து, அரசியல் பேசித் திரும்பினேன்.

துக்கம் கேட்கப் போன அன்று அவர் மனைவி சொன்னார்: "ஊடு ரெடியாச்சின்னா மொதல்ல உங்களதான் கூப்புடணும்னு சொல்லிகினே இருந்தாரு."

கட்டையின் கரிந்த பக்கத்தை நகத்தால் சுரண்டினால் இன்றும் உள்ளே வெள்ளை மரம் தெரிகிறது. எங்கள் கட்டடத்தில் ஒருநாளும் நெருப்புப் பிடிக்கவில்லை. செயலாளரின் கூரை நான் ஊற்றிய தண்ணீரில் மக்கியது. அது தெரியாமலே அவர் வாடகை வீட்டில் இறந்துபோனார்.