மாரியம்மனுடன் மூன்று மைல்

1963 ஏப்ரலில் நான் ஆசிரியையாக இருந்த கல்லூரிக்கு விடுமுறை தொடங்கியபோது, யாரும் என்னைத் தேடி வர முடியாத இடமாகப் போக விரும்பினேன். என் தம்பி ஒரு பழைய லொறியின் பின்புறத்தில் கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் பொருத்தி வைத்திருந்தான். முன் ஆசனத்துக்கும் பின்புறத்துக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல். சாரதி பெருமாள் ஹட்டன் பக்கத்துக்காரர். நான்கு நாளில் ஒன்பது இடங்கள் என்று நான் போட்டிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பித் தந்தார்.

இரண்டாம் நாள் பகல் பன்னிரண்டுக்கு ஹட்டனை விட்டோம். நுவரெலியா ஏறக்குறைய இருபத்தெட்டு மைல். இரண்டரைக்குள் போய்விடலாம் என்பது என் கணக்கு. தலவாக்கலையைத் தாண்டியதும் மூடுபனி இறங்கித் தூறத் தொடங்கியது. ஒரு வளைவில் ஆறேழு பெண்கள் ஒரு பலகையைத் தாங்கிக்கொண்டு பாறையடியில் ஒதுங்கி நின்றார்கள். பலகையின் மேல் கம்பளி. கம்பளிக்குள் மாரியம்மன் சிலை. சுடாத மண், வர்ணமும் காயவில்லை. ராக்காயி என்பவள் வந்து வண்டியை மறித்தாள்.

"அண்ணே, மழை புடிச்சா ஆத்தா கரைஞ்சிருவா. நாளைக்குக் கோயில்ல கண்ணு தொறக்கணும். காலையிலருந்து சொமந்து வாறோம், இன்னும் மூணு மைல்தான், ஏத்திக்கிங்கண்ணே."

பெருமாள் என்னைப் பார்த்தார். எனக்குத் தெய்வ நம்பிக்கை கிடையாது. ஆனால் அவ்வளவு தூரம் தோளில் சுமந்து வந்தது மூன்று மைலுக்காகக் கரைந்து போவது நியாயமாகப் படவில்லை. கட்டிலைக் காட்டினேன்.

கோயிலுக்குப் பிரிந்த தேயிலைத் தோட்டப் பாதை முழுக்கக் குழி. மற்றப் பெண்கள் மழையில் வண்டிக்கு முன்னே நடந்து கல் பொறுக்கினார்கள். நான் சிலையின் தோளைப் பிடித்துக்கொண்டேன், ராக்காயி கால்களை.

"இத்தன வருசமா நம்மளாட்டம் நடந்தே போனவ. இன்னிக்கு மெத்தையில படுத்துக்கிட்டுத் துரைசாணி மாதிரி வாறா, பாருங்கம்மா!"

மூன்று மைலுக்கு இரண்டு மணி நேரம் பத்து நிமிடம். பின்கதவு திறந்திருந்தது. ஒரு தேயிலைச் சரிவு பனிக்குள்ளிருந்து வந்து, வெகுநேரம் எங்களோடு இருந்துவிட்டு, மறுபடி உள்ளே போயிற்று. ஓர் ஓடையின் சத்தம் தூரத்தில் தொடங்கி, வண்டிக்கு அடியில் புகுந்து, மறுபுறம் தேய்ந்து அடங்கியது. ஓர் ஓடையை முழுதாகக் கேட்டது அன்றுதான். கண் எழுதாத அந்த முகம் கூரையை நோக்கிக் கிடந்தது. எங்கே போகிறோம் என்பதே எனக்குச் சற்று மறந்துபோயிற்று.

திடீரென்று வண்டி ஒரு பள்ளத்தில் சாய, சிலை சரிந்தது. மார்போடு ஏந்திக்கொண்டேன்.

"போச்சா?" என்று ஜன்னல் வழியே கத்தினார் பெருமாள்.

ராக்காயி சிலையின் விரல்களை எண்ணிப் பார்த்தாள். "பத்தும் இருக்கு. அம்மா சீலைதான் போச்சு!"

என் வெள்ளைச் சேலையெல்லாம் மஞ்சள் வர்ணம்.

மறுநாள் சிலைக்குக் கண் திறக்கும்வரை கோயிலடியிலேயே நின்றோம். என் அட்டவணையிலிருந்து ஐந்து இடங்கள் உதிர்ந்தன.

இப்படிப் போக நினைப்பவர்களுக்கு: நான்கு நாளுக்குப் பெற்றோல் எட்டுக் கலன், சமையல் சாமான் பதினான்கு ரூபா. ஏப்ரலில் பிற்பகல் மழையை எதிர்பாருங்கள். தோட்டப் பாதைகள் தோட்டத்துக்குச் சொந்தமானவை; கேட்டுவிட்டு நுழையுங்கள். நாளுக்கு ஓர் இடம் போதும்.

கண் திறந்த பின் கோயிலை விட்டுப் புறப்பட்டு, பெரிய சாலை வந்ததும் பெருமாள் வேகம் எடுத்தார். நான் முன் ஆசனத்துக்குப் போகாமல் கட்டிலிலேயே இருந்தேன்.

"மெதுவாப் போங்கோ, பெருமாள்."

"பின்னால ஆத்தா இல்லையேம்மா, இனி என்ன?"

"நான் இருக்கிறன்தானே" என்றேன்.