தாமதமாகத் தெளியும் ரத்தம்

எனக்கு நினைவு திரும்பிவிட்டது; உடம்பு திரும்பவில்லை. மதுரையில், குடல்வால் அறுவை முடிந்து மேசையில் கிடக்கிறேன். கண் இமையைக்கூடத் தூக்க முடியவில்லை. "மூச்சு வரல, பையை விடாதீங்க" என்று யாரோ சொல்வது நன்றாகக் கேட்கிறது. அடப்பாவிகளா, நான் முழித்துத்தான் இருக்கிறேன் என்று கத்தினேன். சத்தம் வெளியே வரவில்லை.

போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. எழுபதுகளின் கடைசி, வயது இருபத்தாறு. மயக்க மருந்து கொடுத்த டாக்டரம்மா நான்கு மணி நேரம் ரப்பர் பையைக் கையால் அமுக்கி எனக்கு மூச்சுக் கொடுத்தார். பிறகு ஒரு விரல் அசைந்தது. அப்புறம் அழுகை வந்தது.

"தோட்டத்துல பூச்சிமருந்து அடிக்கிற வேலையாம்மா?" என்று மறுநாள் கேட்டார். அந்த விஷமும் இப்படிச் செய்யுமாம். மலை மேலிருக்கும் தோட்டத்துக்கு நான் போனதே இல்லை. ரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கோலினெஸ்டரேஸ் (ரத்தத்தில் ஓடும் ஒரு புரதம்) எனக்குப் பிறவியிலேயே பழுது. அறுவையின்போது தசையைத் தளர்த்தப் போடும் ஓர் ஊசிமருந்தை உடைப்பது அதுதான். மற்றவர்களுக்குச் சில நிமிடம் நிற்கும் மருந்து எனக்கு மணிக்கணக்கில் நின்றுவிட்டது.

"மத்த நேரத்துல அது என்ன சோலி பாக்குது டாக்டரம்மா?"

"இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதும்மா."

"நல்லாருக்கே! இருபத்தாறு வருசமா சும்மா உக்காந்து தின்னுருக்கு."

அவர் சிரித்துவிட்டார். பிறகு அப்பாவும் அம்மாவும் சொந்தமா என்று கேட்டார். அம்மா கட்டியது தன் தாய்மாமனை. பழுதான மரபணு (பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வரும் குறிப்பு) இருவரிடமிருந்தும் எனக்கு வந்திருக்கிறது. தம்பிக்கும் இருக்கலாம், ரத்தம் பாருங்கள் என்று சொல்லி, என் கோளாறை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

அம்மா பாய்ந்தாள். "அவனுக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல ரத்தம் சரியில்லன்னு சீட்டு வாங்கப் போறியா? வாயை மூடு."

மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் என் மேலேயே எனக்குக் கோபம்.

அடுத்த வருடம் குரங்கணித் தோட்டத்தில் மூட்டை தூக்கிய தம்பி முருகனுக்குக் குடலிறக்கம் (குடல் பிதுங்கி மாட்டிக்கொள்வது). வலியில் துடித்தவனை ஜீப்பில் போடிக்கு இறக்கினார்கள். உடனே அறுக்காவிட்டால் குடல் அழுகிவிடும் என்றார் டாக்டர். அம்மா குறுக்கே நின்றாள். "நம்ம ரத்தத்துக்கு ஆபரேசனே ஆகாது. நாட்டு வைத்தியர்ட்ட போவோம்."

தம்பி என் கையைப் பிடித்தான். "அக்கா, உனக்கு வந்தது எனக்கும் வந்தா?"

"ஆபரேசன் ஆகாதுன்னு யாரு சொன்னா? அந்த ஒரு ஊசிதான் ஆகாது. நீ வெரசா உள்ள போ. ஆத்தா, நீ தள்ளு!"

அம்மாவை அதட்டியது அதுதான் முதல் தடவை. தள்ளி நின்றாள்.

நான் நீட்டிய என் சீட்டை டாக்டர் படித்தார். "ரத்தம் பாக்கலேல்ல? அப்ப இவருக்கும் இருக்குன்னே வச்சுக்குவோம்." முதுகில் வேறு ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தார். நான் வராந்தாவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உள்ளேயிருந்து குரல் கேட்டது: "ஐயா, முடிஞ்சதா? தாகமா இருக்கு." அம்மா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அவனுக்கும் அதே பழுது என்று பிறகு ரத்தம் சொன்னது. பெண் வீட்டில் அம்மாவே போய்ச் சொன்னாள். "தாலி கட்டுறதுக்கு ஊசி எதுக்குத்தா?" என்றார் பெண்ணின் அப்பா.

உங்கள் வீட்டில் யாருக்காவது மயக்கம் தெளிந்தும் மூச்சு வரத் தாமதமானால், கூடப் பிறந்தவர்களிடம் மறைக்காதீர்கள். எனக்கு இப்போது ஒரு பழக்கம் வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது என் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வருவதற்குள் எவ்வளவு நேரம் கிடக்கிறது, அம்மாடி!