அத்தானின் வண்டிக் கண்ணாடிகள்

என் அக்காவைக் கட்டியவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் பேசி விற்பவர் இல்லை. கடைக்குப் பின்னால், கதவு முழுசாகத் திறக்க இடமில்லாத ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து, லென்ஸைச் சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, ஃபிரேமுக்குள் அடக்குபவர். சட்டைப் பையில் எப்போதும் ஊசி போல ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும், பேச்சோடு பேச்சாக அந்த வீட்டுக்காரர் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, ஆடும் காதுக்கம்பியை முடுக்கி, துடைத்துத் திரும்பவும் மாட்டிவிடுவார். மாட்டிக்கொண்டவருக்கு உலகமே வெள்ளையடித்தது போல் இருக்கும்.

நான் அவரை அத்தான் என்பேன். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லாததால், அம்மாவுக்கு அவர் மருமகனும் மகனும் ஒன்றாகச் சேர்ந்தவர். அவரிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒன்றே ஒன்று, மோட்டார் சைக்கிள்.

அந்த வண்டி மேல் அவருக்கு அப்படி ஒரு பைத்தியம். வேகமாக ஓட்டுவார் என்று நினைக்க வேண்டாம். சாலையில் சைக்கிள்காரன் கூட அவரை முந்திப் போவான். அவருக்குப் பிடித்தது, ஒன்றுக்குக் கிளம்பி வேறொன்றுக்குப் போய்ச் சேருவதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் வாங்கிவர அவரும் அக்காவும் கிளம்புவார்கள். தெருமுனையில் வானம் கொஞ்சம் மூடினாற்போல் இருக்கும். "ஒரு சுத்து போய்ட்டு வந்துரலாமா?" என்பார். அக்கா வேண்டாம் என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை. மரக்கடைகளைத் தாண்டி, ஊர் முடிந்து, அணைக்கட்டு வரை போய்விட்டு, வெயில் சாயும் நேரத்துக்கு முகமெல்லாம் புழுதியாக வந்து நிற்பார்கள். "இவங்களைப் பால் வாங்க அனுப்பினா, வீட்டுக்குத் தயிராத்தான் வந்து சேரும்" என்பாள் அம்மா.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் வீட்டில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. ஊர் சுற்றிவிட்டு வந்த நாட்களில் அந்த வீடு நிறைந்து இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

அக்காவுக்கு ஹெல்மெட் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேன். அவள் கண்ணாடி போட்டவள். ஹெல்மெட்டை மாட்டினால் காதுக்கம்பி அழுத்தி, அரை மணியில் தலைவலி வந்துவிடும். அத்தான் கடையிலிருந்த ஹெல்மெட்களை ஒவ்வொன்றாக அவள் தலையில் வைத்து, விரலை உள்ளே விட்டுப் பார்த்து, கன்னத்தைத் தட்டிப் பார்த்து, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தினார். பிறகு அவள் கண்ணாடியையே மாற்றினார். வளையாத நேர்க் கம்பி வைத்து, ஹெல்மெட்டுக்குள் சொருகினாற்போல் போய் உட்காரும்படி ஒன்று செய்துகொடுத்தார். "என் தலைக்காகவும் ஒருத்தர் கவலைப்படறார் பாருங்க" என்று அக்கா கடைக்காரரிடமே பெருமை பேசினாள்.

அக்கா வேலை பார்த்தது பேக்கரியில். கேக் மேல் கிரீம் பூ வைப்பது அவள் வேலை. கூம்புப் பையை வலது கையால் பிழிந்துகொண்டே மணிக்கட்டைத் திருப்பினால் ரோஜா வந்து உட்காரும். நான் பல தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிழியும் விசை ஒரு துளி கூடினால் இதழ் தடித்துவிடும், குறைந்தால் கிழிந்துவிடும்.

வண்டிக்குச் சாமான் சேர ஆரம்பித்தது அத்தானுக்கு ஐம்பது நெருங்கும்போது. முதலில் கைப்பிடிக் கண்ணாடிகள் இரண்டையும் கழற்றிவிட்டு, அகலமாக ஒரு ஜோடி மாட்டினார். பிறகு அந்தக் கண்ணாடிகளின் மூலையில் பொட்டு மாதிரி சின்ன உருண்டைக் கண்ணாடிகள் வந்து ஒட்டிக்கொண்டன. "கண்ணாடிக்காரர் வண்டிக்கும் பவர் போட்டுட்டார் போலயே" என்று நான் கேட்டேன். "வயசாயிடுச்சுல்ல வண்டிக்கு" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு முன்பக்கம் இரண்டு மஞ்சள் விளக்குகள். கால் பக்கம் கம்பித் தடுப்பு. லாரிக்கு வைக்கும் சத்தத்தில் ஒரு ஹாரன். இருட்டில் பளபளக்கும் பச்சைச் சட்டை ஒன்று, அதைப் பகலிலும் போட்டுக்கொள்வார். தெருவில் எல்லோரும் கேலி செய்தார்கள். அக்காவும் செய்தாள். "இனிமே ஒரு குடை மாட்டணும், அதுதான் பாக்கி" என்பாள். அவர் எதற்கும் கோபப்படவில்லை. முச்சந்தி வந்தால் வண்டியை முழுசாக நிறுத்தி, கால் ஊன்றி, தலையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம்.

வீட்டிலும் சில நடந்தன. கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். சாப்பாட்டு மேசையில் இடது கைப்பக்கம் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவார். "கவனம் எங்க இருக்கு உங்களுக்கு?" என்று அக்கா துணியை எடுத்து வருவாள். ஒருதடவை நான் எதிரே நடந்துவந்து கையசைத்தும் பேசாமல் போய்விட்டார். அன்று முழுக்க எனக்கு மனத்தாங்கல்.

அந்தக் காலை அவர்கள் காய் வாங்கக் கிளம்பினார்கள். ராத்திரி பெய்த மழையில் சாலை கழுவிவிட்டது போல் இருந்ததாம். அணை நிரம்பியிருக்கும், பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். தண்ணீரைப் பார்த்தார்கள், கரையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். திரும்பி வரும் வழியில், இடது பக்கச் சந்திலிருந்து தண்ணீர்க் கேன் ஏற்றிய வேன் ஒன்று வந்தது. இவர் வண்டி நிற்கவில்லை.

எனக்குச் சேதி வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அத்தானுக்கு முழங்காலில் சிராய்ப்பு. அக்காவுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கியிருந்தது. முழங்கையிலும் முறிவு. தலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஹெல்மெட் பிளந்திருந்தது. நடைபாதை பெஞ்சில் வேன் ஓட்டியவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"நான் மெதுவாத்தாங்க வந்தேன். ஹாரன் அடிச்சேன். இவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பாத்தாரு. பாத்துட்டாரு, நின்னுருவாருன்னு நினைச்சேன். அப்படியே வந்துட்டாரு."

"எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல" என்று அத்தான் முனகினார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அக்காவுக்கு இரண்டு அறுவை சிகிச்சை ஆனது. தோள்வரை கட்டுப் போட்டு வீட்டுக்கு வந்த வாரத்தில், அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டாள்.

"இவரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லு."

"கண்ணா? அவருக்கா? ஊருக்கே கண்ணாடி போடறவருக்கா?"

"போய்ட்டு வா" என்றாள்.

கண் டாக்டர் அம்மாவை அத்தானுக்குப் பல வருஷமாகத் தெரியும். அவர் எழுதிக்கொடுக்கும் சீட்டுகள்தான் பாதிக்குப் பாதி இவர் கைக்கு வரும். சுவரில் இருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தார் அத்தான். எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரில் முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தார்.

"என் மூக்கையே பாருங்க. கண்ணை நகர்த்தக் கூடாது. பக்கத்துல என் விரல் ஆடும். தெரிஞ்சதும் சொல்லுங்க."

இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டினார். நான் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். விரல்கள் ஆடிக்கொண்டே இருந்தன. கொஞ்சம் உள்ளே வந்தன, அங்கேயும் ஆடின. அத்தான் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து, டாக்டரின் மூக்கைப் பார்த்தபடி அமைதியாக இருந்தார்.

"ஆரம்பிக்கலாங்க டாக்டர்" என்றார்.

டாக்டர் என்னை ஒருதரம் பார்த்தார். பக்கத்திலிருந்த மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வந்திருக்கிறது. வலி இருக்காதாம். நடுவில் பார்வை சுத்தமாக இருப்பதால் எழுத்தெல்லாம் தெரியுமாம், லென்ஸ் தேய்க்க முடியுமாம். இனி போனது வராது, இருப்பதைக் காப்பாற்ற மருந்து விடலாம் என்றார் டாக்டர். வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொன்னார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். அத்தான் டாக்டரின் மேசையிலிருந்த பேனாவை நேராக்கி வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவராகவே சொன்னார்.

"ரொம்ப நாளாத் தெரியும். என்னன்னு தெரியாது, ஆனா ஏதோ இருக்குன்னு தெரியும். டாக்டர்கிட்ட போனா வண்டி ஓட்டாதேன்னு சொல்லிருவாங்கன்னு பயம். எழுத்து தெரியுதே, தெரியுதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கண்ணாடியா மாட்டி மாட்டி சமாளிச்சுடலாம்னு பாத்தேன்."

அப்போதுதான் அந்தச் சாமான்களெல்லாம் எதற்கு என்று எங்களுக்குப் புரிந்தது. சிரித்த சிரிப்பெல்லாம் நெஞ்சில் முள்ளாக ஏறியது.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"வேன் வர்றதைப் பாத்து உங்க தோளைத் தட்டினேன். ஞாபகம் இருக்கா?"

அவர் தலையாட்டினார்.

"என்ன சொன்னீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினார்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்னு சொன்னீங்க. அதை நம்பி நான் சும்மா இருந்துட்டேன். இல்லேன்னா கத்தியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "பின்னாடி நான் ஒருத்தி உக்காந்திருந்தேனே. பக்கத்துல வர்றதையெல்லாம் நான் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள்.

அத்தான் எழுந்து சமையலறைக்குப் போனார். குழாய் திறந்து தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பாத்திரம் எதுவும் கழுவிய சத்தம் கேட்கவில்லை.

அக்காவின் கை கூடியது, ஆனால் பழைய கையாகக் கூடவில்லை. மணிக்கட்டு பாதிக்கு மேல் திரும்பாது. பேக்கரியில் முதல் நாள் அவள் பிழிந்த பூவைப் பார்த்து முதலாளி அம்மா கத்தியால் வழித்து எடுத்துவிட்டு, "கல்லாவுல உக்காந்துக்கோம்மா, அங்கேயும் ஆள் வேணும்" என்றார். நல்ல மனுஷி. அக்கா கல்லாவில் உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வேறு யாரோ வைத்த பூக்களைக் காட்டி, "இதுல எது வேணும்?" என்று கேட்கும் வேலை.

வண்டி பல மாதம் உறை போட்டு நின்றது. பிறகு ஒரு நாள் அத்தான் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தார். உருண்டைக் கண்ணாடி, விளக்கு, ஹாரன், தடுப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஸ்க்ரூவைக் கீழே வைத்துவிட்டு, அது எங்கே போனது என்று கையால் தடவித் தேடுவார். நான் எடுத்துக் கொடுக்கப் போனேன். "இரு, கிடைச்சுடும்" என்றார். கிடைக்கும்வரை நின்றேன்.

நிலம் அளக்கும் வேலையில் இருக்கும் ஒரு பெண் வந்து வண்டியை வாங்கிக்கொண்டாள். அவளுக்குக் கிக்கரை எப்படி மிதிக்க வேண்டும், குளிர் நாளில் சோக்கை எந்த அளவு இழுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவள் புறப்பட்டபோது மூன்று பேரும் வாசலில் நின்றோம். தெருமுனையில் வண்டி பக்கவாட்டில் திரும்பி, வெட்டவெளியை ஒட்டிய சாலையில் வெகு தூரம் எனக்கும் அக்காவுக்கும் தெரிந்துகொண்டே போனது. திரும்பிய கணத்திலேயே அத்தானுக்கு அது மறைந்துவிட்டது. "போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் அக்காவும் இன்னும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அவர்களுக்குள் சண்டை இல்லை. அவருக்கு வேளைக்கு வேளை கண்ணில் மருந்து விடுவது அக்காதான். அவள் தலைமுடியைப் பின்னிவிடுவது அவர், அவள் கை அவ்வளவு மேலே போகாது. ஆனால் தெருவைக் கடக்கும்போது "வா, ஒண்ணும் வரல" என்று அவர் சொன்னால், அக்கா நின்று தானும் ஒருமுறை பார்ப்பாள். அப்போது அவர் தரையைப் பார்த்துக்கொள்வார். "வேணும்னு பண்ணல, கால் தன்னால நின்னுடுது" என்று என்னிடம் ஒருநாள் வருத்தப்பட்டாள்.

போன வருஷம் அவர் கடை வேலையை விட்டார். ஓரம் தெரியாமல் சக்கரத்தில் விரலைக் கொடுத்துவிட்டார், நல்லவேளையாக நகத்தோடு போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் ஏதாவது வழி பிறக்குமா என்று, மலை தாண்டியிருக்கும் நகரத்துக்கு அக்கா அவரைக் கூட்டிப் போனாள். உள்ளூர் டாக்டர் சொன்னதையே அங்கேயும் சொன்னார்கள். திரும்பும்போது பஸ்ஸின் எஞ்சின் சூடேறி, மலைப்பாதையில் நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் இறங்கினார்கள். அந்தப் பக்கம் அவர்கள் அதுவரை போனதில்லை. கீழே பள்ளத்தாக்கு முழுக்க மேகம் கிடந்தது, நடுவில் ஓர் இடத்தில் மட்டும் கிழிந்து பச்சை தெரிந்ததாம்.

அத்தான் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, துண்டு துண்டாக அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றிருக்கிறார். "நல்லா இருக்குல்ல?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்லாத்தான் இருக்குன்னு சொன்னேன்" என்றாள் அக்கா என்னிடம். "சொல்லிட்டு அவருக்கு இடது பக்கமாப் போய் நின்னுக்கிட்டேன். அங்க நின்னா அவருக்குத் தெரியாது. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடறதுக்குள்ள அழுது முடிச்சுட்டேன்."