தவக்காலத் தியானம், கசற் பதினேழு

என் மனிதர் வின்சன்ட் தன் வாழ்நாளில் ஒரேயொரு பொய்தான் எழுதியிருக்கிறார். வாயால் சொன்ன பொய்கள் வேறு, அவற்றை நான் இப்போது தொடவில்லை. எழுதிய பொய் ஒன்றுதான். ஆனால் அதை இருபத்து மூன்று தடவை எழுதினார்.

பேசாலையிலிருந்து எண்பத்தெட்டில் இங்கே, மொன்ட்ரியாலுக்கு, வந்தவர். வந்த வருடமே ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தார். விடிய நான்கு மணிக்குப் போவார், பின்னேரம் வீட்டில் நிற்பார். முப்பத்தைந்து வருடம் பாண் சுட்டுவிட்டு இப்போது ஓய்வாக இருக்கிறார். ஓய்வென்றால் என் சமையலில் குறை கண்டுபிடிப்பது.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் ஒரு மேல்வீட்டுக்கு நாங்கள் குடிவந்த நாள், குளிர்சாதனப் பெட்டி வெளிப்படிக்கட்டின் வளைவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. அப்போது கீழ்வீட்டு டாக்ஸிக்காரர் வில்னேர், சாவியை வாயில் கவ்விக்கொண்டு வந்து முதுகைக் கொடுத்தார். ஹெயிட்டி நாட்டுக்காரர், நல்ல உயரம். இவருக்கு அப்போது பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும் மட்டும்தான் தெரியும். அன்றைக்கு நன்றி மட்டும் பதினைந்து முறை சொன்னார்.

தொண்ணூறுகளில் பொதுத் தொலைக்காட்சியில் வியாழன் பின்னேரம் அரை மணி நேர நிகழ்ச்சி ஒன்று போகும். மொன்ட்ரியாலின் கறுப்பின மக்களுடைய பாட்டு, சமையல், பழைய போராட்டங்கள் எல்லாம் அதில் வரும். வில்னேர் அந்த நேரம் தெருவில் டாக்ஸி ஓட்டிக்கொண்டிருப்பார். அவர் மனைவி ஒடெட்டுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அவர்கள் வீட்டில் வீடியோ டெக்கும் இல்லை. அதனால் வின்சன்ட் ஒரு வியாழனும் தவறாமல் பதிந்து வைப்பார். சனிக்கிழமை அவர்கள் மேலே வருவார்கள். எல்லோரும் மரவள்ளிக் கிழங்கு அவித்துத் தின்றுகொண்டு பார்ப்போம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் சிரிக்கிற இடத்தில் சேர்ந்து சிரிப்பேன்.

அந்தக் காலம் எங்கள் வீட்டில் என் தம்பிமார் மூவரும் அவர்களின் கூட்டாளிகளும் இருந்தார்கள். கையில் அகப்பட்ட வீடியோக் கசற்றில் முன்பு இருந்ததை அழித்துப் படம் பதிவார்கள், கலியாணம் பதிவார்கள். வின்சன்ட் எத்தனையோ தரம் கத்திப் பார்த்தார். பிறகு ஒருநாள் சத்தம் போடாமல் இருந்து, தன் கசற்றுகள் எல்லாவற்றிலும், கோயில் பிரசங்கம் மாதிரி, தமிழில் 'தவக்காலத் தியானம்' என்று எழுதி இலக்கமும் போட்டார். ஒன்றிலிருந்து இருபத்து மூன்று வரை. அதற்குப் பிறகு ஒருவனும் அவற்றைத் தொடவில்லை. சனிக்கிழமை கசற்றைப் போடுவதும் எடுப்பதும் இவர்தான், மேலே எழுதியிருந்ததை நான் கண்டதில்லை. நான் பக்தியான பெண்தான், ஆனாலும் ஒருநாள்கூட அந்தத் தியானத்தில் ஒன்றைப் போட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பொய்யை என்னிடமும் சொல்லாமலே வைத்துக்கொண்டார், கள்ள மனிதர்.

வில்னேர் தொண்ணூற்றாறில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அப்போது மகள் நடேஜுக்கு மூன்று வயது. அவள் எங்கள் வீட்டிலும் வளர்ந்த பிள்ளை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மாமா என்பதுபோல் வின்சன்டைத் தங்கள் மொழியில் தொந்தோன் என்பாள். இப்போது அவளே பொதுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி தயாரிக்கிறாள்.

இந்தப் பெப்ரவரி, கறுப்பின வரலாற்று மாதத்துக்கு, அந்தக்கால டாக்ஸி ஓட்டுநர்களைப் பற்றி அவள் ஒரு நிகழ்ச்சி செய்தாள். ஒரு புதன்கிழமை காலை படியேறி வந்தாள். முகத்தில் களை இல்லை.

"தொந்தோன், அப்பா அந்தப் பழைய நிகழ்ச்சியில் பேசியிருக்கிறார் என்று அம்மா சொல்கிறா. நிலையத்தில் அந்த வருடத்து நாடாக்கள் இல்லையாம். என்னிடம் புகைப்படம் மட்டும்தான் இருக்கிறது. அவர் குரல் எப்படி என்றே எனக்கு நினைவில்லை. வெள்ளிக்கிழமை வேலையை முடித்துக் கொடுக்க வேண்டும்."

இவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டும்! "பதினேழாம் இலக்கம்," என்று சொல்லிக்கொண்டு கீழே சாமான்கள் வைக்கிற அறைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்.

"செலீன், அந்தத் தவக்காலத் தியானப் பெட்டி எங்கை?"

"அதுவோ? போன வருசம் துப்பரவாக்கேக்கை விமலநாதன் அண்ணையின்ரை செபக்குழுவுக்குக் குடுத்திட்டன். என்னப்பா, பிரசங்கம்தானே?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னார். முப்பது வருடம் கழித்து! நான் ஏச வாயெடுத்தேன். நடேஜின் முகத்தைப் பார்த்ததும் ஏச்சைப் பிறகுக்கு வைத்தேன். ஓடிப்போய் டெலிபோனை எடுத்தேன்.

"அண்ணை, நான் தந்த தியானக் கசற்றுகள் இருக்குதே?"

"அதை ஏன் கேக்கிறீர், தங்கச்சி? போன கிழமை ஒண்டைப் போட்டுப் பாத்தனான். சாமியாரையே காணேல்லை, ஆரோ மேளம் அடிச்சு ஆடுகினம்! இண்டைக்குக் குப்பை எடுக்கிற நாளெல்லே, ராத்திரியே பெட்டியை வெளியிலை வைச்சிட்டு நான் லாவாலுக்கு மகள் வீட்டை வந்திட்டன்."

"ஐயோ, எத்தினை மணிக்கு வருவாங்கள்?"

"பத்துக்கு முன்னம் வந்திடுவாங்கள்."

மணி ஒன்பதேகால். அவர் வீடு நகரத்தின் மறுகோடியில், இல்-பிசாரில். நடேஜின் சின்னக் காரில் ஏறினோம். வின்சன்ட் வீட்டுச் செருப்போடு ஏறிவிட்டார். வழி முழுக்கக் கைக்கடிகாரத்தையே பார்த்தார். அவர் ஏசினால் எனக்கு ஏச ஒரு சாட்டுக் கிடைக்கும், அதையும் தரவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அந்தப் பிள்ளையின் தகப்பனை நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

தெருவுக்குள் திரும்பினோம். குப்பை லொறி விமலநாதன் அண்ணை வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. ஒருவன் பனியைத் தட்டிவிட்டு எங்கள் பெட்டியைத் தூக்குகிறான். கார் நிற்குமுன் இவர் கதவைத் திறந்து இறங்கினார். அறுபத்து நான்கு வயது, பழுதான முழங்கால், கால் புதையும் பனி. ஓடிக்கொண்டே பிரெஞ்சில் கத்தினார்:

"வேண்டாம்! அதற்குள் ஒரு மனிதர் இருக்கிறார்!"

அந்தப் பையன் பயந்து பெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். நடேஜ்தான் போய் விளங்கப்படுத்தினாள். பாவம், அவனுக்கு நிறம் திரும்பக் கொஞ்ச நேரம் எடுத்தது.

இருபத்து மூன்றும் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்க்கலாம் என்றால் இவர் விடவில்லை. "குளிரிலை கிடந்தது, உடனை போட்டால் ஈரம் பிடிச்சு நாடா ஒட்டிப்போம். முதல் காயட்டும்." ஆறு மணித்தியாலம்! மேசையில் பதினேழாம் இலக்கத்தை வைத்துவிட்டு நாங்கள் நால்வரும் சுற்றி இருந்தோம். ஒடெட்டும் மேலே வந்திருந்தா. ஒருவரும் சாப்பிடவில்லை. இவர் மட்டும் இரண்டு தரம் சோறு போட்டுத் தின்றார்.

நாலரைக்கு டெக்கில் போட்டார். கோடு கோடாக ஓடியது. பிறகு டாக்ஸிக்குப் பக்கத்தில் வில்னேர் நின்றார். அதே சிரிப்பு.

கறுப்பு ஓட்டுநர் வேண்டாம் என்று வாடிக்கையாளர்கள் சொன்ன காலத்தைப் பற்றிப் பேசினார். ஒரு பெண் கதவைத் திறந்து, அவர் முகத்தைக் கண்டதும் சாத்திவிட்டுப் பின்னால் நின்ற காருக்குப் போனாவாம். "பனி கொட்டிக்கொண்டிருந்தது, கையில் பை வைத்திருந்தா. நான் இறங்கிப் போய் அந்தக் கார்க் கதவைத் திறந்துவிட்டேன். அடுத்த கிழமை, டாக்ஸித் தொழிலில் நிறபேதம் பற்றி நடந்த விசாரணைக்குப் போய் அதே கதையை எல்லோருக்கும் முன்னால் சத்தமாகச் சொன்னேன். இரண்டும் செய்ததில் எனக்கு வெட்கமில்லை. வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்கு ஒருவரும் கதவைச் சாத்தக் கூடாது."

நடேஜ் எழுந்துபோய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். "இன்னொரு முறை," என்றாள். ஒன்பது முறை போட்டோம். இப்போது எனக்கே அது பிரெஞ்சில் பாடம்.

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று தொடக்கத்திலேயே பதினேழாம் கசற்றைத் திரை முழுக்கக் காட்டினார்கள். என் மனிதரின் கோழிக்கிறுக்கல் நாடெல்லாம் தெரிந்தது: தவக்காலத் தியானம் 17. தொலைபேசி ஓயவில்லை. கார்ட்டியர்விலில் இருந்து என் தம்பி, "அத்தான், நான் படம் பதிய விடாமல் ஏமாத்தினது இதுக்கோ?" என்று கத்தினான். கடைசியாக எடுத்தவர் எங்கள் பங்குச் சாமியார்.

இவர் எழுந்து நின்றுகொண்டு பேசினார். "சாமி, மன்னிக்க வேணும், பொய் எழுதினது நான்தான்."

"வில்னேர் சொன்னதை நானும் கேட்டனான், வின்சன்ட். தவக்காலத்துக்கு அதைவிட என்ன வேணும்? வெள்ளிக்கிழமை மண்டபத்துக்குக் கொண்டு வாரும்."

அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் தவக்காலக் கஞ்சி குடித்தபின் மண்டபத்தில் கசற்றைப் போட்டார்கள். இவர் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார். முன்வரிசையில் ஒடெட்டும் நடேஜும் இருந்தார்கள். தகப்பன் பேசப் பேச நடேஜின் உதடும் சத்தமில்லாமல் கூடவே அசைந்தது. கடைசிச் சொல் முடிந்தும் ஒருவரும் கை தட்டவில்லை, தியானத்தில் தட்டுவதில்லைதானே.

பின்வரிசையில் விமலநாதன் அண்ணை எழுந்து தொண்டையைச் செருமினார்.

"தம்பி வின்சன்ட், அடுத்த வெள்ளிக்குப் பதினெட்டைப் போடுவியள்தானே?"