ஜெனாட் தெரிவுசெய்த பிளக்

கனடாவில், ஒஷாவாவில் புல்வெட்டும் மெஷினும் பனி தள்ளும் மெஷினும் திருத்துகிற கடை ஒன்றில் றொய்சன் பதினேழு வருடமாக வேலை செய்தான். முதலாளி ஜெனாட் ஊரில் றொய்சனின் கோயில் பங்கைச் சேர்ந்தவர். அந்த உரிமையில் றொய்சனுக்குக் கடையில் பெயரே இல்லை, "டேய்" மட்டும்தான்.

ஜெனாட்டிடம் இருந்த, 1971இல் செய்த ஸ்னோமொபில் என்ற பழைய பனிவண்டியை மூன்று குளிர்காலம் தனியாளாக நின்று திருத்தி ஓடவைத்தவன் றொய்சன். பெப்ரவரியில் ஸ்கூகொக் ஏரி உறைந்ததும் அதன்மேல் பழைய வண்டிகளின் காட்சி நடக்கும். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஒரு பலகை. அதில் திருத்தியவர் பெயர். "உன்ர பேரைத்தான் போடுவன்" என்று ஜெனாட் சொல்லியிருந்தார். றொய்சன் அதற்காகத்தான் காத்திருந்தான்.

காட்சிக்கு முதல் நாள் ஜெனாட் வண்டியை நிறுத்திவைத்தபடியே அரை மணித்தியாலம் உறுமவிட்டார். பிறகு இஞ்சினுக்குள் பொறி தட்டுகிற பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி பிடித்திருந்தது.

"என்னடா உது, குளிர் பிளக்கைப் போட்டிருக்கிறாய்? மைனஸ் இருபதிலை சூட்டுப் பிளக் எல்லோ போடோணும்."

"நிண்ட இடத்திலை உறுமினா கரி பிடிக்கும்தான் அண்ணை. ஏரியிலை முழு வேகத்திலை ஓடேக்கை பிளக் சூட்டை வெளியிலை விடோணும். குளிர்க் காத்து அடர்த்தி, அதுக்குப் பெற்றோல் காணாது, இஞ்சின் இன்னும் கொதிக்கும். சூட்டை உள்ளுக்கை பிடிச்சு வைக்கிற சூட்டுப் பிளக் போட்டா பிஸ்ரன் உருகி ஓட்டை விழும்."

வாயால் வந்த கதையல்ல அது. ஆறு பிளக்குகளை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றின் நுனி நிறத்தையும் கொப்பியில் குறித்து, சூடு சரி என்று காட்டும் பால் தேத்தண்ணி நிறத்துக்கு வந்த ஏழாவதைத்தான் அவன் போட்டிருந்தான்.

ஜெனாட் கடைக்கு வந்திருந்த இரண்டு பேர் பக்கம் திரும்பினார். "கேட்டியளோ? ஊரிலை ஓ.எல். சோதனையிலை ரெண்டு தரம் குண்டடிச்சவர். இஞ்ச எனக்கு வகுப்பெடுக்கிறார்."

அவர்கள் சிரித்தார்கள். "சூட்டுப் பிளக்கைப் போடடா" என்றார் ஜெனாட். றொய்சன் சூட்டுப் பிளக்கைப் போட்டான். அதையும் அளவு பார்த்தே இறுக்கினான்.

அடுத்த நாள் காலை ஏரியில் வண்டியின் முன்னால் நின்ற பலகையில் ஜெனாட்டின் பெயர் மட்டும் இருந்தது.

"இடம் காணாமப் போச்சடா" என்றார் ஜெனாட்.

ஜெனாட் வண்டியில் ஏறி முழு வேகத்தில் விட்டார். நாலாவது நிமிடம், தகரத்துக்குள் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். நடு ஏரியில் வண்டி நின்றது. இழுத்துவந்து சேர்த்தார்கள். எல்லோரும் பார்த்திருக்க ஜெனாட் பேனையை எடுத்துப் பலகையில் தன் பெயரை வெட்டினார்; கீழே றொய்சனின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதினார்.

காட்சி நடத்துகிற வெள்ளைக்காரக் கிழவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். நுனி வெளுத்து உருகியிருந்தது. இதைத் தெரிவுசெய்தது யார் என்று றொய்சனிடம் கேட்டார்.

றொய்சன் தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் சொன்னான்: வண்டி முழுக்க நான். பிளக் மட்டும் அவர்.

கிழவர் ஜெனாட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

ஜெனாட் போய்த் தன் பிக்கப்புக்குள் ஏறி இருந்தார். றொய்சன்தான் வண்டியை ட்ரெய்லரில் ஏற்றிப் பட்டி இறுக்கினான். பிக்கப்பில் ஏறப் போனபோது கதவு பூட்டியிருந்தது. கண்ணாடி நாலு விரல் அளவு இறங்கியது.

"பேர் கேட்டாய், தந்திட்டன். இனிக் கடைப் பக்கம் வராதை."

கையுறை, போன், பதினேழு வருடமாகச் சேர்த்த கருவிப்பெட்டி எல்லாம் புறப்பட்டுப் போன பிக்கப்பின் பின்சீட்டில் கிடந்தன. டோர்செட் பார்க்கில் அவன் வீடு அங்கிருந்து அறுபது கிலோமீற்றர்.